உயரம் பார்த்துக் குண்டைக் கையில் கொடுப்பவர்கள்

2019 அக்டோபரில் தோஹாவில் நடந்த உலகத் தடகளப் போட்டி, ஆண்கள் குண்டு எறிதல் இறுதிச்சுற்று. ஜோ கோவாக்ஸ் 22.91 மீட்டர், ரையன் க்ரௌசர் 22.90, டாம் வால்ஷ் 22.90. தங்கத்துக்கும் வெண்கலத்துக்கும் நடுவே ஒரே ஒரு சென்டிமீட்டர். மூவருடைய உயரத்தையும் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். க்ரௌசர் 2.01 மீட்டர். மற்ற இருவரும் 1.85ஐ ஒட்டியவர்கள். ஆள் நிற்கும்போது முக்கால் சாண் வித்தியாசம். குண்டு விழுந்த இடத்தில் நகக்கண் அளவு.

இதை மட்டும் காட்டி, ‘உயரத்தில் ஒன்றுமில்லை’ என்று முடித்துவிட்டால் அது வக்கீல் வாதம். ரியோ, டோக்கியோ, பாரிஸ் மூன்று ஒலிம்பிக்கிலும் கோவாக்ஸுக்குக் கிடைத்தது வெள்ளி. மூன்றிலும் தங்கம் க்ரௌசருக்கு. 2023இல் 23.56 மீட்டர் எறிந்து உலக சாதனையை வைத்திருப்பவரும் அவரே. ஆக, பிறவியிலேயே வாய்த்த உடலமைப்பைக் கொண்டு எறிவீரரை அடையாளம் காணலாம் என்பவர்கள் கையில் சரக்கு இல்லாமல் பேசவில்லை. அந்தச் சரக்கு எவ்வளவு தேறும், எந்த வயதில் தேறும், எந்த எறிதலுக்குத் தேறும் என்பதுதான் கேள்வி.

நம் பள்ளி மைதானங்களில் இது நடக்கும் விதம் எல்லோரும் பார்த்ததுதான். பிள்ளைகள் வரிசையில் நிற்பார்கள். பி.டி. மாஸ்டரின் கண் வரிசையின் மேல் ஒருமுறை ஓடும். நெட்டையானவன் ஹைஜம்ப்புக்கு, வாட்டசாட்டமானவன் குண்டுக்கு, ஒல்லியானவன் ஓட்டத்துக்கு. ஒரு நிமிடத்தில் தலையெழுத்து முடிந்தது. இதன் படித்த வடிவம் தேர்வு முகாம்: சுவரோடு நிறுத்தி உயரம், பெட்டியில் உட்காரவைத்து இடுப்புக்கு மேல் உயரம், இரு கைகளையும் விரித்துக் கைவீச்சு, தோள் அகலம், இடுப்பு அகலம். பணமிருக்கும் நாடுகளில் மணிக்கட்டு எக்ஸ்ரேயும் எச்சில் பரிசோதனையும் சேரும். கருவி மாறுகிறது, மாஸ்டரின் அந்த ஒரு நிமிட நம்பிக்கை மாறவில்லை.

அந்த நம்பிக்கைக்கு இயற்பியல் ஓரளவு துணை நிற்கிறது. குண்டு கையை விட்டுப் பிரியும் வேகம் நொடிக்கு 14 மீட்டர், பிரியும் உயரம் 2.1 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். சரியான கோணத்தில் போனால் சுமார் 22 மீட்டரில் விழும். அதே வேகத்தில், இருபது சென்டிமீட்டர் மேலிருந்து விட்டால் கூடுதலாகக் கிடைப்பது ஏறத்தாழ 18 சென்டிமீட்டர். தோஹா மாதிரி ஒரு போட்டியில் அது தங்கத்துக்கே போதும். ஆனால் உயரத்தைத் தொடாமல் வேகத்தை மட்டும் நூற்றுக்கு ஒரு பங்கு கூட்டினால் 40 சென்டிமீட்டர் கிடைக்கிறது. வேகம் எங்கிருந்து வருகிறது? நீண்ட கை குண்டை நீண்ட தூரம் தள்ளிக்கொண்டே போகும்; அது நெட்டையானவருக்கு லாபம். அதே நீண்ட கையைச் சுழற்றுவதற்கு அதிக விசை வேண்டும். அது அவருக்குச் செலவு. லாபம் செலவைவிடக் கூடுவது, அந்த எலும்பின் மேல் போதிய தசையும் காலிலிருந்து விரல்வரை விசையைச் சிந்தாமல் கடத்தும் பழக்கமும் சேர்ந்தால்தான். க்ரௌசரிடம் அதெல்லாம் சேர்ந்திருக்கிறது. இரண்டு மீட்டர் உயரமுள்ள எல்லோரிடமும் சேர்வதில்லை.

எறிகருவியின் எடை குறையக் குறைய உயரத்தின் பேச்சும் குறையும் என்று எதிர்பார்க்கலாம். ஆண்கள் குண்டு 7.26 கிலோ, வட்டு 2 கிலோ, ஈட்டி 800 கிராம். ஈட்டியில் அந்த எதிர்பார்ப்பு பலிக்கிறது. 1996இல் ஜெனாவில் 98.48 மீட்டர் எறிந்து, இன்றுவரை முறியடிக்கப்படாத சாதனையை வைத்திருக்கும் யான் ஜெலெஸ்னி 1.85 மீட்டர்க்காரர். அவர் காலத்துப் போட்டியாளர் ஸ்டீவ் பேக்லி 1.95. அட்லாண்டாவிலும் சிட்னியிலும் ஜெலெஸ்னிக்குத் தங்கம், பேக்லிக்கு வெள்ளி. 2015இல் 92.72 மீட்டர் எறிந்து உலகச் சாம்பியனான கென்யாவின் ஜூலியஸ் யேகோ 1.75 மீட்டர்தான், பயிற்சியாளர் இல்லாமல் யூடியூப் பார்த்து எறியக் கற்றவர். நம் தேர்வு முகாமில் அவரை மேஜைக்குப் பக்கத்தில்கூட விட்டிருக்க மாட்டார்கள்.

ஆனால் சங்கிலிக்குண்டில், அதாவது ஹேமர் த்ரோவில், அந்த வரிசை உடைந்துவிடுகிறது. அதன் எடையும் 7.26 கிலோதான், கனமான கருவி, ஆகவே ராட்சத உடல் என்று நினைப்போம். 1986இல் 86.74 மீட்டர் எறிந்த யூரி செதிக் 1.85 மீட்டர். ஏதென்ஸில் தங்கம் வென்ற ஜப்பானின் கோஜி முரோஃபுஷி 1.87 மீட்டர், நூறு கிலோவுக்கும் ஒரு மாற்றுக் குறைவு. சுழலும் குண்டு வெளியே இழுக்க, அதற்கு எதிராகத் தாழ உட்கார்ந்து, கால் மாற்றிச் சுற்றும் வேகம்தான் அங்கே சீட்டு. சரி, இது குள்ளமானவர்களின் ஆட்டம் என்று எழுதலாமா என்றால், பாரிஸில் தங்கம் வென்ற கனடாவின் ஈதன் காட்ஸ்பெர்க் 1.98 மீட்டர் உயரத்தில் வந்து நிற்கிறார். ஒரே போட்டியில் இரண்டு விதமான உடல்கள் உச்சிக்குப் போயிருக்கின்றன. உடலை மட்டும் பார்த்து ஆளைப் பொறுக்கும் முறைக்கு இதைவிடச் சங்கடம் வேறில்லை.

வட்டு எறிதல்தான் உடலளவை நம்பும் கட்சியின் பலமான கோட்டை. கை நீளம் அங்கே வெளிப்படையாகவே வேலை செய்கிறது. லிதுவேனியாவின் விர்ஜிலியஸ் அலெக்னா இரண்டு மீட்டர் உயரக்காரர். 2000, 2004 ஒலிம்பிக்கில் தங்கம். அவர் மகன் மிகோலாஸ் 2024இல் 74.35 மீட்டர் எறிந்து, 1986இலிருந்து நின்ற உலக சாதனையை முறியடித்தார். மறு ஆண்டே 75.56. ரத்தம் பேசுகிறது என்று சொல்லத் தோன்றும். பேசுகிறது, மறுக்கவில்லை. ஆனால் வட்டு எறிவதில் உலகிலேயே தேர்ந்த ஒருவரைத் தகப்பனாகக் கொண்ட வீட்டில் வளர்வதும் ஒரு சொத்துதான். அப்பன் கொடுத்த கை எவ்வளவு, அப்பன் வீட்டில் கண்டு கேட்டது எவ்வளவு என்று யாரும் பிரித்துக்காட்ட முடியாது. முரோஃபுஷியின் தந்தையும் சங்கிலிக்குண்டு வீரர்தான். அங்கேயும் இதே முடிச்சு.

இனி கணக்குக்கு வருவோம். உலகச் சாம்பியன்களில் நெட்டையானவர்கள் அதிகம் என்பது ஒரு செய்தி. நெட்டையானவர்களில் சாம்பியன்கள் அதிகம் என்பது வேறு செய்தி. முதலாவதைப் பார்த்து இரண்டாவதை நம்புவதில்தான் தேர்வுக்குழுக்கள் காலங்காலமாக வழுக்குகின்றன. ஒரு பேச்சுக்கு, ஒரு பகுதியில் 14 வயதுப் பையன்கள் 20,000 பேர். அவர்களில் 10 பேருக்குத் தேசிய அளவில் எறியும் ஆற்றல் உண்டு என்று கொள்வோம். மிக உயரமான ஆயிரம் பேரை மட்டும் அழைக்கிறோம். பத்தில் ஐந்து பேர் அந்த ஆயிரத்துக்குள் இருக்கிறார்கள் என்று தாராளமாகவே விட்டுக்கொடுப்போம். அப்படியும் அழைத்தவர்களில் 995 பேர் தவறான ஆட்கள். சரியான ஆட்களில் பாதிப்பேர் வாசலுக்கு வெளியே. தேடும் செலவு இருபதில் ஒரு பங்காகக் குறைந்தது உண்மை. அதற்குக் கொடுத்த விலை ஐந்து பேர். பணமும் பயிற்சியாளரும் குறைவாக உள்ள இடத்தில் இந்தப் பேரம் நியாயமாகவும் இருக்கலாம்; ஆனால் பேரம் என்று தெரிந்து செய்ய வேண்டும். ‘விஞ்ஞானபூர்வத் தேர்வு’ என்று பலகை மாட்டிச் செய்யக் கூடாது.

இந்த முறை வென்ற இடமும் உண்டு. லண்டன் ஒலிம்பிக்கை மனத்தில் வைத்து 2007இல் பிரிட்டன் ‘ஸ்போர்ட்டிங் ஜயன்ட்ஸ்’ என்று ஒரு தேடலைத் தொடங்கியது. வயது 16 முதல் 25, ஆண்கள் 1.90 மீட்டர், பெண்கள் 1.80 மீட்டர் இருக்க வேண்டும். படகு, ஹேண்ட்பால், வாலிபால் ஆட்டங்களுக்கு. அதில் வந்த ஹெலன் க்ளோவர் 2012இல் படகுப் போட்டியில் தங்கம் வென்றார். உயரம் போதாமல், அளக்கும்போது குதிகாலைத் தூக்கி நுனிக்காலில் நின்றவர் அவர்! திட்டத்தின் மிகப் பெரிய வெற்றி, அதன் முதல் நிபந்தனையை ஏமாற்றி உள்ளே வந்தது. அதையும் தாண்டி, படகில் இது பலித்ததற்குக் காரணங்கள் உள்ளன. 16க்கு மேல் வளர்த்தி பெரும்பாலும் முடிந்துவிட்டது. உடல் எடையைப் படகு சுமக்கிறது. துடுப்பு வலிப்பதை இருபது வயதுக்கு மேலும் கற்றுத் தேறலாம். எறிதலில் இந்த மூன்றும் இந்த மாதிரி ஒத்துழைப்பதில்லை. நாமோ தேடுவது பன்னிரண்டு, பதின்மூன்று வயதில்.

அந்த வயதில் அளவுநாடா என்னத்தை அளக்கிறது? பையன்கள் விறுவிறுவென்று உயரும் பருவம் சராசரியாக 14 வயதை ஒட்டி வருகிறது. சிலருக்கு இரண்டு வருடம் முந்தும், சிலருக்குப் பிந்தும். பதின்மூன்றில் மீசை அரும்பியவனும் பதினைந்திலும் குரல் உடையாதவனும் ஒரே வரிசையில் நிற்கிறார்கள். முந்தியவனுக்கு இப்போதே உயரம், இப்போதே தசை. 18 வயதுக்குட்பட்டோர் பிரிவில் குண்டு 5 கிலோ, 20 வயதுக்குட்பட்டோருக்கு 6 கிலோ, பெரியவர்களின் 7.26 கிலோவுக்கு வரும்போது பிந்தியவனும் வளர்ந்து முடித்திருப்பான், முந்தியவனின் முன்தொகை கரைந்திருக்கும். தேர்வுக்குழு பிறவிக்கொடை என்று நினைத்துப் பொறுக்கியது, பல நேரங்களில் நாட்காட்டியை.

நம் நாட்டில் இன்னொன்றையும் அளக்கிறோம், அதைச் சொல்லக் கூச்சப்படுகிறோம். உயரம் பெரும்பாலும் பரம்பரை என்பது வயிறார உண்ணும் சமூகங்களில் கண்ட உண்மை. 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி இந்தியாவில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 35.5 சதவீதம் வயதுக்கேற்ற வளர்த்தி இல்லாதவர்கள். தமிழ்நாட்டில் 25 சதவீதம். நான்கில் ஒரு பிள்ளையின் உயரத்தை வறுமையும் நோயும் குறைத்துவைத்திருக்கும் இடத்தில், சுவரோடு நிறுத்தி அளப்பது மரபணுவை அல்ல, வீட்டு அடுப்பை. இப்படிப் பொறுக்கினால் வசதியான வீட்டுப் பிள்ளைக்கே மறுபடியும் முட்டையும் பாலும் விடுதியும் போய்ச்சேரும்.

பிறவி, பயிற்சி என்று பிரிக்கும் கோடே நாம் நினைக்கும் இடத்தில் இல்லை என்பதற்கு எறிதல் உடற்கூற்றிலேயே அழகான சான்று ஒன்று இருக்கிறது. பேஸ்பால் பந்தெறிபவர்களின் எறியும் கையில் மேற்கை எலும்பு பின்பக்கமாகச் சற்றுக் கூடுதலாக முறுகியிருக்கும். அதனால் தோள் இன்னும் பின்னால் போய், வில்லை இழுத்த மாதிரி விசை சேர்த்து முன்னால் வருகிறது. எலும்பிலேயே உள்ள அமைப்பு. பார்த்த மாத்திரத்தில் பிறவி என்றுதான் யாரும் சொல்வார்கள். ஆனால் அதே ஆளின் மற்றக் கையை அளந்தால் அந்த முறுக்கு அவ்வளவு இல்லை. ஒரே மரபணு, ஒரே ஆள், இரண்டு எலும்பு. பிறக்கும்போது இந்த முறுக்கு எல்லோருக்குமே அதிகம். வளர வளர எலும்பு திரும்பிக் குறைகிறது. சிறு வயதிலேயே எறிந்துகொண்டிருக்கும் கையில் அது குறையாமல் தங்கிவிடுகிறது. எலும்பு முற்றிய பிறகு எவ்வளவு எறிந்தாலும் அது திரும்ப வராது. ஆக, பதினேழு வயதுப் பையனின் தோளை எக்ஸ்ரே எடுத்து ‘பிறவித் தோள்’ என்று ஒருவர் குறித்தால், அவர் பார்ப்பது பத்து வருடம் மாங்காய்க்குக் கல்லெறிந்த, பவுண்டரியிலிருந்து பந்தெறிந்த வரலாற்றை.

மரபணுப் பரிசோதனை பற்றி நீட்ட வேண்டியதில்லை. ஏசிடிஎன்3 என்ற மரபணுவின் ஒரு வடிவம் விசை விளையாட்டுக்காரர்களிடம் அதிகம் என்று 2003இல் ஆஸ்திரேலிய ஆய்வு கண்டது உண்மை. ஆனால் உலகில் பல நூறு கோடிப் பேரிடம் அந்த வடிவம் இருக்கிறது. அது இல்லாமலேயே ஒலிம்பிக்கில் நீளம் தாண்டியவரும் உண்டு. இத்தகைய பரிசோதனைகளுக்குத் திறன் தேர்வில் இடமில்லை என்று 2015இல் விளையாட்டு மரபணு வல்லுநர்கள் கூடி அறிக்கையே விட்டார்கள். எச்சிலைக் குப்பியில் வாங்கிக்கொண்டு பெற்றோரிடம் காசு பறிக்கும் வியாபாரம் அதற்குப் பின்னும் ஓடுகிறது.

பிறவியை நம்பி அரசுகளே இறங்கிய கதைகளும் கைவசம் உண்டு. கிழக்கு ஜெர்மனி 1970களில் பள்ளிதோறும் பிள்ளைகளை அளந்து விளையாட்டுப் பள்ளிகளுக்கு அனுப்பியது. எறிதலில் அது குவித்த பதக்கங்களைக் காட்டி இன்றும் சிலர் அந்த முறையைப் புகழ்கிறார்கள். குண்டு எறிதலில் 1986 ஐரோப்பியச் சாம்பியன் ஹைடி க்ரீகருக்குப் பதினாறு வயதிலிருந்தே ஆண்பால் ஹார்மோன் மாத்திரை கொடுக்கப்பட்டது. இன்று அவர் ஆண்ட்ரியாஸ் க்ரீகர். அந்த ஊக்கமருந்துத் திட்டத்துக்காக 2000இல் பெர்லின் நீதிமன்றம் விளையாட்டுத் தலைவர்களைத் தண்டித்தது. அளவுநாடாவின் பங்கு எவ்வளவு, மாத்திரையின் பங்கு எவ்வளவு என்று பிரிக்க முடியாதபோது, அந்தப் பதக்கங்களைத் தேர்வுமுறையின் சான்றாக வைப்பது செல்லாது. நம் பக்கத்தில், 1980களின் பிற்பகுதியில் இந்திய விளையாட்டு ஆணையம், ஆப்பிரிக்க வம்சாவளியினர் என்பதற்காகவே கர்நாடக, குஜராத் சித்தி மக்களின் பிள்ளைகளைத் தடகளத்துக்குத் திரட்டியது. சிலர் தேசிய அளவில் வென்றார்கள். 1990களின் தொடக்கத்தில் திட்டம் கைவிடப்பட்டு, பிள்ளைகள் ஊர் திரும்பினார்கள். வம்சத்தை நம்பியவர்களுக்கு வருடக்கணக்கில் பொறுத்திருக்க மனமில்லாமல் போனது.

சராசரியிலிருந்து விலகிய உடலைத் தேர்வு முகாம் என்ன செய்யும் என்பதற்குக் கண்டிக்காரரான கிரிக்கெட் பந்துவீச்சாளர் முத்தையா முரளிதரனைவிட நல்ல உதாரணம் தேவையில்லை. பிறவியிலேயே முழுதாக நிமிராத முழங்கை. 1995 மெல்பர்ன் டெஸ்டில் நடுவர் அதை ‘எறிதல்’ என்றார். எறிவதற்கும் பந்துவீசுவதற்கும் இடையே உள்ள கோட்டை, முழங்கை நிமிர்வது 15 டிகிரிவரை என்று கிரிக்கெட் உலகமே பிறகு மறுபடி வரைய வேண்டியதாயிற்று. கை வளைந்த பையனை எந்த அளவுப்பட்டியல் தேர்ந்தெடுத்திருக்கும்? பட்டியல் முந்தைய சாம்பியன்களின் சராசரியை வைத்துப் போடப்படுகிறது. முன்மாதிரி இல்லாத ஆளுக்கு அதில் கட்டமே இல்லை.

நீரஜ் சோப்ராவையும் பாருங்கள். கண்ட்ரா கிராமத்தில் உடல் பெருத்த பிள்ளை. எடை குறையட்டும் என்று வீட்டார் பானிபட்டுக்கு அனுப்பினார்கள். சிவாஜி ஸ்டேடியத்தில் ஈட்டி எறிபவர்களைக் கண்டார், தானும் எறிந்தார், அங்கிருந்த ஒரு மூத்த வீரர் அந்த எறிதலைக் கவனித்தார். எடையையும் உயரத்தையும் தாளில் குறித்திருந்தால் ஒன்று குண்டுக்குத் தள்ளியிருப்பார்கள், இல்லை வீட்டுக்கு. மீரட் பக்கத்து அன்னு ராணியின் கதையும் இப்படித்தான்: கிரிக்கெட் ஆடும்போது பந்து அவர் கையிலிருந்து போன வேகத்தை அண்ணன் கண்டார், கரும்பையும் மூங்கிலையும் எறிந்து பழகிய அவர் 2023இல் ஆசிய விளையாட்டில் தங்கம் வென்றார். பாகிஸ்தானின் அர்ஷத் நதீம், கிரெனடாவின் ஆண்டர்சன் பீட்டர்ஸ், நம் சச்சின் யாதவ் மூவரும் வேகப்பந்து வீச்சிலிருந்து ஈட்டிக்கு வந்தவர்கள். கண்டுபிடிக்கப்பட்ட இடமெல்லாம் மைதானம். கண்டுபிடித்தது எறிதலைப் பார்த்த ஒரு கண்.

ஆகவே என் தீர்ப்பு இது. பதினைந்து வயதுக்குக் கீழே, எந்த எறிதலுக்கும், உடலளவை வைத்து ஒருவரையும் விலக்கக் கூடாது. உயரமான பிள்ளையைக் கூடுதலாக அழைத்துக்கொள்வதில் தடையில்லை. ஈட்டிக்கும் சங்கிலிக்குண்டுக்கும் எந்த வயதிலும் உயரம் நிபந்தனையாக வேண்டாம். குண்டிலும் வட்டிலும், வளர்த்தி முடிந்த பதினெட்டு வயதில், ஏறத்தாழ ஒரே தூரம் எறியும் இருவரில் ஒருவருக்குத்தான் விடுதியில் இடம் என்றால், கைவீச்சைப் பார்க்கலாம். அதற்குமேல் அளவுநாடாவுக்கு அதிகாரம் கொடுக்க, இதுவரை உள்ள சான்று போதாது.

செலவில்லாத மாற்று கையிலேயே இருக்கிறது. தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நடத்தும் உலகத் திறனறித் தேர்வில் குண்டு எறிதல் ஏற்கெனவே இருக்கிறது. ஆளைப் பார்க்காமல் எறிதலைப் பார்ப்பது சரியான திசை. 2024இல் மத்திய அரசு 9 முதல் 18 வயதுவரை வாசலைத் திறந்து தொடங்கிய ‘கீர்த்தி’ திட்டத்தின் வயது வரம்பும் நல்லது. இரண்டோடும் ஒரு கிரிக்கெட் பந்தைச் சேர்க்க வேண்டும். தோளால் வீசுவதும் கனத்தைத் தள்ளுவதும் வேறு வேறு. குண்டை மட்டும் வைத்தால் ஈட்டிக்காரன் தெரியமாட்டான். ஒரு நாள் எறிந்த தூரத்தைவிட, ஆறு மாத இடைவெளியில் மூன்று முறை எறியவைத்து, எவ்வளவு கூடியது என்று பார்ப்பது முந்தி வளர்ந்தவனையும் மெய்யாகத் தேறுகிறவனையும் பிரித்துக் காட்ட உதவும். உயரத்தையும் அளக்கட்டும், வளர்த்தி எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று தெரிந்துகொள்ள.

கூடவே, நிராகரித்த பிள்ளைகளின் பெயர்ப் பட்டியலையும் எட்டு வருடம் பத்திரப்படுத்தட்டும். அதிலிருந்து எத்தனை பேர் பிற்பாடு மாநில அணிக்கு வந்தார்கள் என்று எண்ணினால், அளவுநாடாவின் யோக்கியதை அன்றைக்கே தெரிந்துவிடும்.